கண் கெடுவது தலைவிதியாலா?

நம் நாட்டில் ஒருவனுக்குக் கண் மங்கிப் போய்விட்டால், அதற்குக் காரணம் தெரிந்துகொள்ள டாக்டரைத் தேடிப் போகிறவர்கள் குறைவேயாகும். தலையெழுத்து, போன ஜன்மத்து வினை, வயதானால் அப்படித்தான் என்கின்ற காரணங்களை எல்லோரும் தயாராக மடியில் கட்டி வைத்திருக்கின்றார்கள். இப்படிச் சொல்லுவதில் ஒரு பெரிய சௌகரியம் இருக்கின்றது. அதாவது, சொல்லுகிறவனுக்குக் காலணாச் செலவில்லை, சர்க்காருக்குப் பொறுப்பில்லை, கண் கெட்டவனோ, தன்னையே குற்றவாளி என்று நினைத்துக்கொண்டு திண்ணை மூலையில் உட்கார்ந்து விடுகின்றான். ஆகவே இந்தத் தலைவிதியைக் கொஞ்சம் விசாரித்துப் பார்க்க வேண்டியது நமது கடமை என்று கருதுகின்றோம்.

உலக சுகாதார ஸ்தாபனத்தார் 2019-ஆம் ஆண்டில் பார்வையைப் பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டார்கள். உலகத்தில் குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறை இருக்கின்றது என்றும், அதில் குறைந்தது 100 கோடிப் பேருடைய குறை தடுத்திருக்கக் கூடியதாகவோ அல்லது இன்னும் கவனிக்கப்படாமல் விடப்பட்டதாகவோ இருக்கின்றது என்றும் அதில் கண்டிருக்கின்றது. மற்றும், தூரப் பார்வைக் குறையானது பணக்கார நாடுகளில் இருப்பதைவிட ஏழை நாட்டுப் பிரதேசங்கள் பலவற்றில் நான்கு மடங்கு என்றும் கண்டிருக்கின்றது. பார்வை இழந்தவர்களில் 100-க்கு 55 பேர் பெண்கள் என்பது மற்றொரு கணக்கு.

இப்பொழுது கேட்கின்றோம்: இந்தத் தலைவிதிக்கு ஒரு தேசத்தின் வருமானக் கணக்கு எப்படித் தெரிந்தது? பணக்கார நாட்டின் எல்லைக்கு வந்தவுடன் அது ஏன் தயங்கி நிற்கின்றது? ஆணைவிடப் பெண்ணைப் பார்த்தால் அதற்கு ஏன் அதிக ஆசை? வினைப்பயன் என்பது பணப்பையைப் பார்த்தும், ஊரைப் பார்த்தும், சேலையைப் பார்த்தும் வேலை செய்யுமானால், அது மனிதர்கள் செய்து வைத்த ஏற்பாடே அல்லாமல் வேறு என்னவாக இருக்க முடியும்?

கண்ணைக் குருடாக்கும் காரணங்களில் முதன்மையானது கண்புரை. இதில் யாதொரு மர்மமும் இல்லை. கண்ணுக்குள் கண்ணாடி போல் தெளிவாக இருக்கும் லென்ஸ் வயது ஏற ஏறப் பால் படிந்தாற்போல் வெளுத்துப் போகின்றது. அதை எடுத்துவிட்டு வேறு லென்ஸ் வைத்தால் பார்வை திரும்பி விடுகின்றது. கைதேர்ந்த டாக்டருக்கு இது கால் மணி நேரத்து வேலை. கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் முறையை 1949-இல் லண்டனில் ஹரால்டு ரிட்லி என்கின்ற டாக்டர் முதன்முதல் செய்து காட்டினார். ஆனால் 1980-களிலும் ஏழை நாட்டு ஜனங்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது என்னவென்றால், புரையை எடுத்துவிட்டு மூக்கின்மேல் மாட்டிய சோடாப்புட்டிக் கண்ணாடியேயாகும். அது உடைந்தால் மறுபடியும் குருடுதான். உள்ளே வைக்கும் லென்ஸின் விலை அப்பொழுது 100 டாலருக்கு மேல் இருந்ததால், அது பணக்காரன் கண்ணுக்கு மாத்திரம் உரிய சரக்காக இருந்து வந்தது.

இந்த நிலைமை எப்படி மாறிற்று? பிரார்த்தனையால் மாறவில்லை. டாக்டர் வெங்கடசாமி என்பவர் சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். பணம் கொடுக்கக் கூடியவர்களிடம் வாங்கி, கொடுக்க முடியாதவர்களுக்கும் அதே ஆபரேஷனைச் செய்வது என்பது அதன் ஏற்பாடு. 1992-இல் அதன் சார்பாக மதுரையிலேயே ஆரோலேப் என்னும் லென்ஸ் தொழிற்சாலை ஏற்பட்டு, விலை 10 டாலர் அளவுக்கு இறங்கிற்று. நேபாளத்தில் டாக்டர் சந்துக் ரூயித் என்பவரும் அவரது கூட்டாளிகளும் 1994-இல் காத்மாண்டுவில் திலகங்கா கண் நிலையத்தை ஏற்படுத்தி, அங்கேயும் லென்ஸ் செய்யலானார்கள். விலை உயர்ந்த இயந்திரமும் தையலும் இல்லாமல் சிறு கீறலில் புரையை எடுக்கும் முறையை அவர் மலைக் கிராமங்களுக்கெல்லாம் கொண்டு போனார். இயந்திரத்தால் செய்யும் ஆபரேஷனையும் இந்த முறையையும் நேபாளத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்ததில் இரண்டிலும் 100-க்கு 98 பேருக்கு நல்ல பார்வை இருந்தது. சிறு கீறல் முறையில் செலவும் நேரமும் குறைவு. ஆகவே ஏழைக்கு மட்டமான வைத்தியந்தான் கட்டுப்படியாகும் என்கின்ற வாதமும் ஒழிந்தது.

அப்படியானால் இன்றும் கோடிக்கணக்கான பேர் ஏன் கண் தெரியாமல் இருக்கின்றார்கள் என்று கேட்கப்படலாம். வித்தை இருக்கின்றது, லென்ஸ் இருக்கின்றது. ஆனால் அவை இருக்குமிடம் வேறு, கண் கெட்டவன் இருக்குமிடம் வேறு என்பதே பதில். 2015-ஆம் ஆண்டுக் கணக்குப்படி பணக்கார நாடுகளில் பத்து லட்சம் பேருக்குச் சராசரி 76 கண் டாக்டர்கள் இருந்தார்கள். மிக ஏழை நாடுகளில் நாலு பேர்கூட இல்லை. அந்தச் சிலரும் பெரும்பாலும் தலைநகரங்களில் இருக்கின்றார்கள்.

இதன் பலனை நைஜீரியாவில் காணலாம். அங்கு 2005 முதல் 2007 வரை தேசம் முழுவதும் கண் பரிசோதனை செய்து பார்த்ததில், புரைக்குச் சிகிச்சை செய்யப்பட்ட கண்களில் 100-க்கு 40-க்கு மேற்பட்டவை டாக்டரால் அல்ல, ஊர் சுற்றும் நாட்டு வைத்தியனால் ஊசி குத்தப்பட்டவை என்று தெரிந்தது. வெளுத்த லென்ஸைக் கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளிவிடுவதுதான் அந்த வைத்தியம். நமது பழமைப் பெருமைக்காரர்கள் மார் தட்டிக்கொள்ளும் சுசுருத சம்ஹிதையில் சொல்லப்படுவதும் இதுபோன்ற முறைதான். வேறு வழியில்லாத காலத்தில் அது வித்தைதான். இன்று அது கொடுமை. அப்படிக் குத்தப்பட்ட கண்களில் பாதிக்கு மேற்பட்டவை குருடாகவே இருந்தன. இதற்காக அந்த ஜனங்களை மூடர்கள் என்று சொல்லிவிட்டுப் போக நாம் தயாராயில்லை. ஊசிக்காரன் வாசலுக்கு வருகின்றான். ஆஸ்பத்திரியோ நூறு மைலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு, முடியுமானால் வா என்கின்றது. குருடன் எதைப் பிடிப்பான்?

நிற்க. இலவசம் என்று பலகை போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கும் நல்லவர்களுக்கும் ஒரு வார்த்தை. மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் நடந்து 1999-இல் வெளியான ஒரு ஆராய்ச்சியில், இலவசக் கண் முகாம் நடத்தியும், கண்ணில் குறையுள்ளவர்களில் 100-க்கு 7 பேரளவே வந்தார்கள் என்று கண்டுபிடிக்கப்பட்டது. ஏனென்றால் முகாம் இலவசமே தவிர, பஸ் இலவசமல்ல. அன்றையக் கூலி இலவசமல்ல. கூடப் போகும் மகனுடைய கூலியும் இலவசமல்ல. பயமும் உண்டு. வீட்டில் கிழவனுக்கும் கிழவிக்கும் கண் தெரியவில்லையென்றால் முதலில் கிழவனை அழைத்துப் போகின்றார்கள். கிழவி, "எனக்கென்ன, அடுப்படிதானே" என்கின்றாள். அவள் அப்படிச் சொல்லும்படி எத்தனை தலைமுறையாகப் பழக்கி வைத்திருக்கிறோம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இதை அறிந்த பின்பே அந்த மதுரை ஆஸ்பத்திரியார் 2004 முதல் கிராமங்களுக்கு அருகிலேயே சிறு பார்வை நிலையங்களை வைக்கத் தொடங்கினார்கள். பயிற்சி பெற்ற பெண்கள் அங்கேயே கண்ணைச் சோதிக்கின்றார்கள். டாக்டர் தொலைவிலிருந்தபடியே கம்ப்யூட்டர் மூலம் நோயாளியோடு பேசி முடிவு சொல்லுகின்றார். நோயாளி டாக்டரைத் தேடி அலைவதற்குப் பதிலாக வைத்தியம் நோயாளியைத் தேடி வரவேண்டும் என்பதே இதன் சாரம்.

ஆபரேஷன் ஒருபுறமிருக்க, ஒரு மூக்குக் கண்ணாடியின் சங்கதியைப் பாருங்கள். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் 40 வயதுக்கு மேற்பட்ட 751 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கிட்டப் பார்வைக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். 2018-இல் வெளியான முடிவு என்னவென்றால், கண்ணாடி போட்டவர்களுடைய வேலைப்பலன் மற்றவர்களைவிட 100-க்கு 21-க்கு மேல் அதிகமாயிற்று. ஒரு அற்பக் கண்ணாடி இல்லாததால் எத்தனை தொழிலாளர்கள் எடை குறைந்து, கூலி குறைந்து, சோம்பேறி என்ற பட்டமும் பெற்றிருப்பார்கள்!

சர்க்கார்கள் மனம் வைத்தால் ஆகாத காரியமில்லை என்பதற்கும் அத்தாட்சி உண்டு. கண் இமையை உட்புறம் மடித்துக் குருடாக்கும் டிரக்கோமா என்னும் தொத்து நோயை, அது பொதுஜன சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதபடி 2018-இல் கானா தேசமும் நேபாளமும், 2022-இல் மலாவியும், 2024-இல் இந்தியாவும் ஒழித்துவிட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் ஒப்புக்கொண்டது. மருந்தும், சிறு ஆபரேஷனும், முகம் கழுவத் தண்ணீரும், சுற்றுப்புறச் சுத்தமுமே அதற்கு ஆயுதங்கள். தலைவிதி என்று இருந்திருந்தால் அது குழாய்த் தண்ணீருக்கும் மாத்திரைக்கும் பயந்து ஓடியிருக்குமா?

2021-இல் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை, கண் வைத்தியம் கிடைக்காமலிருக்கும் 110 கோடிப் பேருக்கும் 2030-க்குள் அது கிடைக்கச் செய்ய வேண்டும் என்று தீர்மானித்தது. தீர்மானம் சரிதான். ஆனால் தீர்மானத்தால் புரை உரியாது. கண் வைத்தியத்தைத் தர்மப் பிரபுக்கள் புண்ணியம் தேடும் ஒருநாள் திருவிழாவாக விட்டுவைக்காமல், ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தினப்படி வேலையாக்க வேண்டும். பிச்சையாகக் கிடைப்பது அடுத்த வருஷம் நின்று போகலாம். உரிமையாகக் கிடைப்பதை நிறுத்தினால் ஏன் என்று கேட்கலாம்.

தோழர்களே! உங்கள் வீட்டுக் கிழவியின் கண்ணை இன்றைக்கே பாருங்கள். கூலி போனாலும் ஒருநாள் அவளை அழைத்துப் போங்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் பார்வை தெளிவாயிருந்தாலும் வருஷத்துக்கு ஒருமுறை கண்ணைக் காட்டுங்கள். பச்சிலைச் சாறும், தாய்ப்பாலும், மந்திரித்த தண்ணீரும் கண்ணில் விடாதீர்கள். பள்ளிக்கூடத்தில் கரும்பலகை தெரியாத பிள்ளையை மக்கு என்று அடிப்பதற்கு முன் கண்ணைச் சோதியுங்கள். கிராமசபை கூடும்போது, நம் ஊருக்கு அருகில் கண் சோதிக்கும் இடம் எது, ஆஸ்பத்திரிக்குப் போய்வர வண்டி எது என்று எழுந்து கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை உட்காராதீர்கள்.