எல்லாமே வெள்ளைக் கழிச்சல்தானா?

வீட்டில் வளர்க்கிற கோழி நாலைந்து ஒரே நாளில் சுருண்டு விழுந்தால், நம் பக்கத்தில் உடனே சொல்வது: ‘வெள்ளைக் கழிச்சல்.’ அடுத்த காரியம், இன்னும் சாகாமல் தலை தொங்கி நிற்கிற கோழியை அவசரமாக அறுத்துக் குழம்பு வைத்துவிடுவது! நெய்வேலி டவுன்ஷிப்பைச் சுற்றியுள்ள கிராமங்களில் இது ரொம்பச் சகஜம்.

சித்த வைத்தியனுக்கு ஏன் இந்தக் கோழிக் கவலை என்று கேட்பீர்கள். பறவைக் காய்ச்சலும் வெளிப்பார்வைக்கு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். பார்த்த மாத்திரத்தில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. சோதனைச்சாலைதான் சொல்ல வேண்டும். உறுதி செய்வது போபாலில் உள்ள ஆய்வகம்.

இந்த வைரஸின் மரபணு எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. ஒரே கோழியின் உடம்பில் இரண்டு வகை வைரஸ் புகுந்தால், இரண்டு சீட்டுக்கட்டைக் கலந்து குலுக்கியது மாதிரி துண்டுகள் இடம் மாறி, புது வைரஸ் பிறந்துவிடும். 2013-ல் சீனாவில் கிளம்பிய ஹெச்7என்9 அப்படி வந்ததுதான். அதற்குப் பல துண்டுகளைக் கொடுத்தது ஹெச்9என்2. கோழியைப் பெரும்பாலும் கொல்லாமல், முட்டையை மட்டும் குறைக்கிற ‘சாது’ வைரஸ்! விளைவு? 1,500 பேருக்கு மேல் நோய் கண்டது.

ஆயிரக்கணக்கில் கோழிகளை நெருக்கி அடைத்தால் வைரஸுக்குக் கொண்டாட்டம். ஒவ்வொரு முறை பெருகும்போதும் எழுத்துப் பிழை விழும். சில பிழைகள் அதற்கு லாபமாக முடியும்.

2006-ல் மகாராஷ்டிராவின் நவாப்பூரில்தான் நம் நாட்டில் முதன்முதலாக இது பிடிபட்டது. 2014-ல் கேரளத்தின் குட்டநாட்டு வாத்துகள். 2021-ல் ஹரியானா சிறுவனும், 2025-ல் ஆந்திராவின் பல்நாடு மாவட்டத்து இரண்டு வயதுக் குழந்தையும் ஹெச்5என்1-க்குப் பலியானார்கள். மனிதருக்கு இது லேசில் ஒட்டாது என்பது நிஜம். ஒட்டினால் சாதாரண ஜுரம் இல்லை.

நம் சுரங்கத்தில் இறைக்கிற தண்ணீர் வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி வரை போகிறது. அங்கே நீர்ப்பறவைகள் வந்து இறங்குகின்றன. அதற்காகப் பறவைகள் மேல் பழி போட வேண்டாம். லாரி, கூண்டு, முட்டை அட்டை, நம் செருப்பு... இவையும் வைரஸைச் சுமக்கும்.

கழிச்சலுக்குக் கீழாநெல்லி, மிளகு, சீரகம் அரைத்து உருட்டிக் கொடுக்கிறீர்களே, கொடுங்கள். ஆனால் கோழிகள் கூட்டமாகச் சாகும்போது அது போதாது. வெறுங்கையால் தொடாமல், கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் சொல்லுங்கள். தொட்டவருக்கு ஜுரம் வந்தால் நிலவேம்புக் குடிநீரோடு நிறுத்தாமல், கோழி செத்ததையும் சொல்லி அன்றைக்கே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். இதற்கான ஆங்கில மருந்து முதல் இரண்டு நாளுக்குள் தந்தால்தான் நன்றாகக் கேட்கும். நன்றாக வெந்த கறி, முட்டைக்குப் பயமில்லை, அரைவேக்காடு ஆகாது.

ஜனங்கள் ஏன் மறைக்கிறார்கள்? நோய் உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள கோழி, வாத்து அத்தனையையும் அழிப்பார்கள். சொன்னவர்மேல் தெருவே பாயும்! அழிக்கிற பறவைக்கு அரசு இழப்பீடு தருகிறது, சரி. அதைச் சந்தை விலைக்கு, அழிக்கிற அன்றே, வாசலில் வைத்துக் கையில் கொடுக்கட்டும். நாலு கோழியை நம்பிப் பள்ளிக்கூடச் செலவைப் பார்க்கிற அம்மா, பிறகு எதற்கு மறைக்கப் போகிறாள்?