மூன்றாம் நாள் வீக்கம்



சென்ற இதழ் அச்சுக்குப் போன மறுநாள், மேல்வரிசை முன்பல் ஒன்றின் வேர் நுனியில் எனக்குச் சிறிய அறுவை சிகிச்சை நடந்தது. பல வருஷங்களுக்கு முன் ரூட் கெனால் செய்து கேப் போட்ட பல். வலி இல்லை. ஈறில் மட்டும் கடுகளவு கொப்புளம் ஒன்று வருவதும் உடைவதும் மறுபடி வருவதுமாக இருந்தது. எக்ஸ்ரே எடுத்தால் வேர் நுனியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வட்டம். அங்கே எலும்பு அரித்திருக்கிறது என்றார் மருத்துவர். கேப்பையும் உள்ளே நிற்கும் கம்பியையும் பெயர்க்கப் போனால் பல்லே உடைந்துவிடலாம். அதனால் ஈறு வழியாகப் போய், வேர் நுனியில் சுமார் 3 மில்லிமீட்டர் வெட்டி எடுத்து, அந்த இடத்தை எம்.டி.ஏ. என்ற சிமென்ட்டால் அடைத்து, ஐந்து தையல் போட்டார். 1990களில் அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தொராபினெஜாத் உருவாக்கிய சிமென்ட் அது. ஈரத்தில்தான் இறுகும். ரத்தமும் நீரும் ஊறுகிற இடத்துக்கு எவ்வளவு பொருத்தமான பொருள்!

நாற்காலியில் இருந்தது ஒரு மணி நேரம்தான். அதற்குப் பிறகு வீட்டில் இருந்த ஒரு வாரத்தைப் பற்றித்தான் உங்களிடம் பேச நினைக்கிறேன்.

வீடு வந்தபோது உதடு மரத்துத்தான் இருந்தது. அந்த மூன்று நான்கு மணி நேரம் கவனம் வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டாலும் தெரியாது, காபி சுட்டாலும் தெரியாது. கன்னத்தைப் பார்த்த அம்மா வெந்நீரில் துணியை நனைத்துக்கொண்டு வந்தாள். "சூடா ஒத்தடம் கொடுத்தா வீக்கம் வாடிடும்பா." முதல் நாள் சூடு கூடவே கூடாது, ரத்தக் கசிவும் வீக்கமும் கூடும் என்று பேசக் கூடாது என்பதால் நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். அம்மா படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஐஸ் கட்டிகளைத் தேங்காய்ப்பூத் துண்டில் சுற்றி எடுத்து வந்தாள். பதினைந்து நிமிஷம் வைப்பது, பதினைந்து நிமிஷம் எடுப்பது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ராத்திரி வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இரண்டு தலையணை வைத்து, தலையை உயர்த்திப் படுத்தேன்.

சாப்பாடு நொய்க்கஞ்சி. அகலத் தட்டில் ஊற்றி, விசிறியால் விசிறி, சுண்டுவிரலை விட்டுப் பார்த்து, பிறகுதான் டம்ளருக்கு மாற்றுவாள். ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது. உறிஞ்சும்போது காயத்தில் உறைந்த ரத்தம் கழன்றுவிடும். 24 மணி நேரம் கழித்து, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டு, காறித் துப்பாமல் வாயில் வைத்திருந்து அப்படியே ஒழுக விட்டேன்.

ஒரு தப்பும் செய்தேன். இரண்டாம் நாள் அச்சகத்திலிருந்து வந்த போனை எடுத்து அரை மணி நேரம் பேசிவிட்டேன். மேலுதடு அசைய அசையத் தையல் இழுபட்டு ரத்தம் கசிந்தது. நனைத்த பஞ்சுத்துணியை இருபது நிமிஷம் அழுத்திப் பிடித்த பிறகே நின்றது. தையல் எப்படி இருக்கிறது என்று உதட்டைத் தூக்கிப் பார்ப்பதும் இதே கெடுதலைத்தான் செய்யும். பார்க்கச் சொல்லி மனசு கேட்டுக்கொண்டே இருக்கும். பார்க்காதீர்கள்.

மூன்றாம் நாள் காலை கண்ணாடி முன் நின்றபோது பயந்துபோனேன். முகம் ஒரு பக்கம் உப்பி, கண்ணுக்குக் கீழே நீலம் பாரித்திருந்தது. மருத்துவர் கொடுத்த சீட்டை எடுத்துப் படித்தேன். வீக்கம் இரண்டு மூன்று நாள் ஏறித்தான் பிறகு வடியும் என்று அதிலேயே எழுதியிருந்தது. அந்த ஒரு வரி எனக்கு மருந்தாக இருந்தது. ஆனால் மூன்றாம் நாளுக்குப் பிறகும் வீக்கம் ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, சீழ் தெரிந்தாலோ, அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டாலோ மருத்துவருக்கு உடனே சொல்ல வேண்டும். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமென்றால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆன்டிபயாட்டிக் கொடுத்திருந்தால், வலி குறைந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தக் கூடாது.

ஏழாம் நாள் தையல் பிரித்தார்கள். உள்ளே எலும்பு நிறைவதற்கு மாதக்கணக்காகும். ஆறு மாதம் கழித்து மறுபடி எக்ஸ்ரே.

இந்தச் சிகிச்சைக்கு நாள் குறித்திருப்பவர்கள் உங்களிலும் இருப்பார்கள். பல்தானே என்று மறுநாளே வேலைக்குக் கிளம்பாதீர்கள், இரண்டு மூன்று நாளாவது லீவு போடுங்கள். உங்கள் வீட்டில் ஒருவருக்கு நடந்திருந்தால் கஞ்சியை ஆற்றிக் கொடுங்கள், பக்கத்தில் ஒரு பேனாவும் தாளும் வையுங்கள், அவரைப் பேச வைக்காதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்