போகலாமா, கூடாதா?

வானிலை அறிக்கை எழுதுகிறவர்களுக்கு அது வாசிக்கத்தான் என்ற நினைப்பு எப்போதாவது வருமா?

"சிலாபத்திலிருந்து புத்தளம், மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரையான கடற்பிராந்தியங்களில் காற்றின் வேகமானது அவ்வப்போது மணித்தியாலத்துக்கு 60 கிலோமீற்றர் வரை அதிகரிப்பதற்கான சாத்தியம் காணப்படுவதுடன், அச்சந்தர்ப்பங்களில் கடல் கொந்தளிப்பாகக் காணப்படலாமென எதிர்வுகூறப்படுகின்றது." இந்த மாதிரி ஒரு வசனம் விடியப்புறம் கைப்பேசியில் வந்து விழும். கற்பிட்டியில் வாடிக்குப் பக்கத்தில் எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டு நிற்கிறவர் கேட்பதோ ஒரே கேள்வி: "தம்பி, போகலாமா, கூடாதா?" பொடியன் ஒரு தரம் வாசிக்கிறான். இன்னொரு தரமும் வாசித்துவிட்டு, "போகலாம் போலதான் இருக்கு காக்கா" என்கிறான். அந்தப் 'போல'வை நம்பித்தான் படகு இறங்குகிறது.

கற்பிட்டி ஒரு நீண்ட மணல் நாக்கு. மேற்கே பெருங்கடல், கிழக்கே புத்தளம் களப்பு. மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் அடிக்கும்போது மேற்குப் பக்கம் படகு இறக்கவே முடியாத நாளிலும் களப்புக்குள் நண்டுக்கும் இறாலுக்கும் வலை போடுகிறவர்கள் உண்டு. அறிக்கைக்கோ சிலாபம் தொடங்கிக் காங்கேசன்துறை வரைக்கும் ஒரே கடல்தான். ஒருநாள் படகுக்கும் வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடக்கிற பலநாள் படகுக்கும் ஒரே வசனம்தான்.

அதே சோளகத்தைத் தேடி வெளிநாட்டார் பட்டம் கட்டி நீர்மேல் சறுக்க இங்கே வருகிறார்கள். எத்தனை மணிக்குக் காற்று கூடும், எத்தனை மணிக்குக் குறையும், எந்தத் திசை என்பதெல்லாம் மணிக்கு மணி அவர்களுடைய கைப்பேசியில் அம்புக்குறியோடு தெரிகிறது. விளையாட வருகிறவனுக்கு அட்டவணை, வயிற்றுப்பாட்டுக்குப் போகிறவனுக்குப் பத்தி!

இந்த 'சாத்தியம் காணப்படுகின்றது' எழுதியவருக்கு வசதியானது. காற்று அடித்தால் "முன்கூட்டியே சொன்னோமே" என்று கையைக் கழுவலாம். அடிக்காவிட்டால் "சாத்தியம் என்றுதானே சொன்னோம்" என்று தப்பலாம். கடலுக்குப் போனவனுக்கு அப்படி இரண்டு வழி கிடையாது. 2013 ஜூனில் மேற்கு, தெற்குக் கரையில் திடீரென்று அடித்த காற்றில் 40க்கும் மேற்பட்ட மீனவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். சரியான எச்சரிக்கை வரவில்லை என்று அன்றைக்கே கரையில் சத்தம் போட்டார்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் நாடு முழுக்க 600க்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோனது. அப்போதும் தமிழில் எச்சரிக்கை பிந்தியே வந்தது, சிலது வரவே இல்லை என்ற முறைப்பாடு எழுந்தது.

தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் எழுதிவைத்தது. 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்த முஸ்லிம்களும், அதற்கு முன்பே இங்கே வேர்விட்டவர்களும் வீட்டில் பேசுவது தமிழ். அவர்களுக்கு எழுதுகிற தமிழ் மொழிபெயர்ப்பாளரின் மேசையிலேயே தங்கிவிட்டால் அந்தத் திருத்தத்தால் யாருக்கு என்ன பலன்?

கேட்பது பெரிய விசயமே இல்லை. "நாளைக் காலை கற்பிட்டிக்கு மேற்கே ஒருநாள் படகுகள் போக வேண்டாம். ஒருநாள் படகுகள் போக வேண்டாம். களப்புக்குள் கவனமாகத் தொழில் செய்யலாம். பின்னேரம் காற்று குறையும்." நாலு வரி. இதற்குப் புதுச் செய்மதி வேண்டாம், புது அமைச்சும் வேண்டாம். போக வேண்டாம் என்று சொன்னது பிழைத்துப்போனால் ஒரு நாள் உழைப்புத்தான் போகும், அதை நாங்கள் பொறுத்துக்கொள்வோம். போகலாமா, கூடாதா என்பதை மட்டும் முதல் வரியில் எழுதுங்கள், ஐயா.