ஒரு வண்டு வந்த கதை



செம்பனைக் காட்டில் வேலை செய்தவர்களுக்கு ஆண் பூவின் வாசம் தெரியும். சோம்பை மென்றாற்போன்ற மணம். அந்தப் பூவை உலுக்கினால் எள்ளளவே உள்ள கருமையான மூக்கு வண்டுகள் பொலபொலவென்று உதிரும். அந்த வண்டு நம் நாட்டுப் பிறவியல்ல. கடல் கடந்து வந்தது. வந்ததும் தோட்டத்தின் பல காரியங்களை மாற்றிவிட்டது. இந்த இதழில் அதன் கதையைப் பார்ப்போம்.

வண்டின் கதை என்றாலும், அதன் வழியாக நாம் கற்க வேண்டியது வேறொன்று உண்டு. 'சிஸ்டம்' என்கிறார்களே, அமைப்பு, அதுதான். பல பாகங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இயங்குவது அமைப்பு. லயத்தில் முதல் வீட்டுக்காரர் குழாயை அகலத் திறந்தால் கடைசி வீட்டில் தண்ணீர் சொட்டுகிறது அல்லவா? கடைசி வீட்டுக் குழாயை எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் தண்ணீர் வராது. பழுது அந்தக் குழாயில் இல்லை. வீடுகளை இணைக்கும் முறையில் இருக்கிறது. இப்படிப் பார்க்கப் பழகுவதே அமைப்பை அறிவது.

இனிக் கதைக்கு வருவோம். செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. மலாயாவில் வாணிகத்துக்காக அது முதலில் நடப்பட்டது 1917இல், சிலாங்கூரில் உள்ள தென்னமரம் தோட்டத்தில். மரத்தைக் கொண்டுவந்தார்கள். ஆனால் அம்மரத்தோடு ஆப்பிரிக்காவில் குடித்தனம் நடத்திய பூச்சிகள் கூட வரவில்லை. செம்பனை ஒரே மரத்தில் ஆண் பூவும் பெண் பூவும் விடும்; ஆனால் ஒரே காலத்தில் விடாது. ஆகவே ஒரு மரத்து மகரந்தம் இன்னொரு மரத்துப் பெண் பூவுக்குப் போய்ச் சேர வேண்டும். காற்றே அந்த வேலையைச் செய்கிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். காற்று போதவில்லை. குலையில் பாதிக் காய் பிடித்தது. மீதி சாவியாய்ப் போனது. சபாவில் நிலைமை இன்னும் மோசம்.

அதனால் மனிதக் கை தேவைப்பட்டது. ஆண் பூவிலிருந்து மகரந்தத்தைத் தட்டி எடுத்து, உலர்த்தி, டால்க் பவுடரில் கலந்து, மரம் மரமாகப் போய்ப் பெண் பூவின்மேல் ஊதினார்கள். உங்கள் தாயாரோ பாட்டியாரோ இந்த வேலைக்குப் போயிருக்கலாம், கேட்டுப் பாருங்கள். முள்ளுக்குள் கையை விட்டு, விரிந்த பூ எது, விரியாத பூ எது என்று பார்த்துச் செய்ய வேண்டிய வேலை அது.

இந்த இடத்தில்தான் ஒரு மனிதர் கேள்வி கேட்டார். யூனிலீவர் நிறுவனத்தின் தோட்டத்துறையில் இருந்த லெஸ்லி டேவிட்சன் என்பவர் காமரூன் நாட்டையும் பார்த்தவர். அங்கே யாரும் பூ ஊதவில்லை. ஆனாலும் குலை நிறையக் காய் பிடிக்கிறது. காரணம் என்ன? இதை ஆராயும் பொறுப்பு பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையத் அவர்களிடம் போயிற்று. ஆண் பூவில் மொய்க்கும் வண்டுகளே மகரந்தத்தைச் சுமக்கின்றன என்று அவர் கண்டறிந்தார்.

வண்டு வேண்டுமென்று சுமப்பதில்லை. அது முட்டையிடுவதும் அதன் புழு வளர்வதும் வாடிய ஆண் பூவில்தான். பெண் பூவும் அதே போன்ற மணத்தை வீசுவதால், வண்டு ஏமாந்து அங்கேயும் போகிறது. போன இடத்தில் உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை உதறிவிட்டுத் திரும்புகிறது.

உடனே கொண்டுவந்து கொட்டிவிடவில்லை. வேறு பயிர்களை அது நாசமாக்குமா என்று பல செடிகளில் விட்டுப் பார்த்தார்கள். செம்பனையை விட்டு வேறெதிலும் அது குடும்பம் நடத்தவில்லை. தனியிடத்தில் வைத்து வளர்த்த பிறகு, 1981 பிப்ரவரியில் ஜொகூர் குளுவாங் வட்டாரத்துத் தோட்டமொன்றில் திறந்துவிட்டார்கள். முட்டை வண்டாக இரண்டு வாரம் போதும். வெகு விரைவில் அது தீபகற்பம் எங்கும் பரவியது. 100க்கு ஏறத்தாழ 50 என்றிருந்த காய்ப்பிடிப்பு ஏறத்தாழ 70 ஆனது. குலை கனத்தது.

கதை இத்தோடு முடிந்தது என்று நினைப்பவர் ஒரு பாகத்தைப் பார்ப்பவர். அமைப்பைப் பார்ப்பவர், "அப்புறம்?" என்று கேட்பார். நாமும் கேட்போம்.

குலை கனத்தபோது, மரத்தின் சத்து கனத்த குலைகளுக்கே போனதால், குலைகளின் எண்ணிக்கை குறைந்தது. குலையை எண்ணிக் கூலி போட்டால் ஒரு கணக்கு. எடை பார்த்துப் போட்டால் இன்னொரு கணக்கு. கனத்த குலையை அறுத்துத் தூக்குகிறவருடைய தோளுக்கு இது விளங்கும்.

ஆலைக்குப் போவோம். காய் நெருக்கமாகப் பிடித்த குலையின் உட்புறத்துக்கு நீராவி சரியாகப் போகவில்லை. வேகாத பழம் குலையை விட்டு உதிராது. ஆகவே நீராவி விடும் முறையையே ஆலைகள் மாற்ற வேண்டியதாயிற்று.

எலியைப் பாருங்கள். வாடிய ஆண் பூவுக்குள் கொழுத்த வண்டுப் புழு இருக்கிறது என்று அது கண்டுகொண்டது. பூவைக் கடித்துக் குதறித் தின்னத் தொடங்கியது. வண்டுக்கு என்று வந்த இடம் எலிக்கும் விருந்தாயிற்று. எலியைப் பிடிக்கக் கூகைக்குப் பெட்டி வைத்தார்கள், நல்ல காரியம். ஆனால் கடுமையான சில எலி மருந்துகள், மருந்துண்ட எலியைத் தின்ற கூகையையும் கொன்றன. உதவிக்கு வந்தவனையே விரட்டிய கதையாயிற்று.

இதற்கு முன்பும் இப்படி நடந்ததுண்டு. 1960களில் ஓலை தின்னும் பைப்புழுவை ஒழிக்கக் கடும் மருந்து அடித்தார்கள். புழு தன் பைக்குள் பத்திரமாக இருந்தது. அதை அடக்கி வைத்திருந்த சிறு குளவிகள் செத்தன. புழு முன்னிலும் பெருகியது. மேலும் அடித்தார்கள், மேலும் பெருகியது. பூச்சியியலார் பி. ஜே. உட் இதை எடுத்துக்காட்டினார். அந்த மருந்தை நிறுத்திய இடங்களில் குளவிகள் திரும்பின, புழு அடங்கியது.

பூ ஊதிய கைகள் என்ன ஆயின? அந்த வேலை தேவையற்றதாகிவிட்டது. நிர்வாகத்துக்கு அது மிச்சம். அந்தக் கூலியில் அரிசி வாங்கிய வீட்டுக்கு அது இழப்பு. வண்டு வந்தது தவறு என்று நான் சொல்லவில்லை. முள்ளில் கை கிழிபட்டுச் செய்த வேலை போனதற்காக யாரும் அழ வேண்டியதில்லை. ஆனால் அமைப்பு என்று பேசும்போது மரம், வண்டு, ஆலை, எலி எல்லாவற்றையும் வரைபடத்தில் போட்டுவிட்டு, வேலைக்காரர் வீட்டை மட்டும் கோட்டுக்கு வெளியே விட்டால் அந்தப் படம் அரைகுறைப் படம்தான். கோட்டை எங்கே போடுவது என்று தீர்மானிப்பவர் யார் என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே.

கதைக்கு இன்னொரு திருப்பமும் உண்டு. குலை மிகுதியாக வேண்டும் என்று பெண் பூ அதிகம் விடும் ரகங்களை வளர்த்தார்கள். அத்தகைய இளம் தோட்டங்களில் ஆண் பூ அருகிவிட்டது. ஆண் பூ இல்லையேல் வண்டுக்குத் தொட்டில் இல்லை. அண்மை ஆண்டுகளில் சபா, சரவாக்கில் சில இடங்களில் காய்ப்பிடிப்பு குறைந்து, மறுபடியும் மனிதர் கை கொடுக்க வேண்டிய நிலை வந்திருக்கிறது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகள் தொழில்நுட்பக் கல்லூரிக்கும் தொழிற்சாலைக்கும் போகிறார்கள். புதிய இயந்திரம், புதிய மருந்து, புதிய ஏற்பாடு எது வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்குங்கள். இது எதையெதைத் தொடுகிறது? இன்று செய்வதன் பலன் எப்போது, எங்கே தெரியும்? கணக்கில் விடுபட்டவர் யார்?

பொறியியல் பட்டம் இல்லாதவரும் இவற்றைக் கேட்கலாம். காட்டில் நாள்தோறும் நிற்பவருக்கு, அலுவலகத்தில் இருப்பவருக்குத் தெரியாத பதில்களும் தெரிந்திருக்கும். கூட்டத்தில் எழுந்து அவற்றைச் சொல்லத் தயங்காதீர்கள்.