உதிரிபாகத்தின் பெயர் அதன் மேலேயே இருக்கிறது

ஆழ்கடலில் வலை இறக்கிய பிறகு அதை இழுக்கும் வின்ச் நின்றுபோனால் அந்தப் பயணம் அத்தோடு முடிந்தது. டீசலுக்கும் ஐஸுக்கும் போட்ட பணம் திரும்பாது. வலையையும் வடத்தையும் மீட்டுக் கொண்டுவர முடிந்தால் அதுவே பெரிது. கரைக்கு வந்து பிரித்துப் பார்த்தால் பழுது பல நேரம் சின்னதாகத்தான் இருக்கும். ஒரு பேரிங் இறுகியிருக்கும், பெல்ட் அறுந்திருக்கும், அல்லது ஆயில் சீல் வழியே உப்புத் தண்ணீர் உள்ளே போயிருக்கும். அதற்கு மாற்று தேடி அலைவதில்தான் நாட்கள் கரைகின்றன.

நாம் கடையில் கேட்கும் விதமே இதற்குக் காரணம். "இந்த மாடல் வின்ச்சுக்கு பேரிங் கொடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் ஊகித்துத்தான் ஒன்றை எடுத்துத் தர முடியும். வின்ச்சைச் செய்த பட்டறை பேரிங்கைச் செய்யவில்லை. அதுவும் கடையில்தான் வாங்கிப் பொருத்தியது. இன்ஜினோடு இணைத்து ஓட்டும் எந்தக் கருவிக்கும் இது பொருந்தும். டிராக்டருக்குப் பின்னால் சுழலும் ரோட்டவேட்டர், விளையாட்டு மைதானங்களில் ஆள் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டியின் பிளேடு அச்சு, வடசென்னையில் நம் காசிமேட்டுப் படகின் வின்ச் எல்லாவற்றிலும் தேய்ந்து போகிறவை பெரும்பாலும் உலகப் பொது அளவில் வரும் பாகங்கள்தான். அவற்றின் எண் அவற்றின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

பேரிங்கை எடுத்துக்கொள்வோம். வளையத்தின் பக்கவாட்டைத் துடைத்துப் பார்த்தால் 6205 என்பது போல ஓர் எண் தெரியும். முதலில் உள்ள 6, அது ஒற்றை வரிசைக் குண்டு பேரிங் என்று சொல்கிறது. அடுத்த 2, எவ்வளவு கனமான வகை என்பது. கடைசி இரண்டு இலக்கத்தை 5-ஆல் பெருக்கினால் உள்துளை மில்லிமீட்டரில் கிடைக்கும்: 05 என்றால் 25. இந்தக் கணக்கு 04-லிருந்துதான் செல்லும். அதற்குக் கீழே 00 என்றால் 10, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17 மில்லிமீட்டர். 6205-க்கும் 6305-க்கும் உள்துளை ஒன்றே. ஆனால் முன்னதின் வெளிவிட்டம் 52, பின்னதற்கு 62. அச்சில் ஏறுகிறதே என்று வாங்கி வந்தால் பேரிங் அமரும் வீட்டுக்குள் (ஹவுசிங்) உட்காராது.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளையும் விட்டுவிடக் கூடாது. 'இசட்இசட்' என்றால் இரு பக்கமும் தகட்டு மூடி. அது தூசியைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. '2ஆர்எஸ்' என்றால் ரப்பர் மூடி. படகின் மேல்தளத்தில் அலை தெறிக்கும் இடத்துக்கு ரப்பர் மூடிதான் சரி, விலை சற்றுக் கூடினாலும். மூடியைக் குறிக்கும் எழுத்து கம்பெனிக்குக் கம்பெனி மாறும். முதன்மை எண் மாறாது. 'சி3' என்று இருந்தால் உள் இடைவெளி சற்று அதிகம் என்று பொருள். பழையதில் அது இருந்தால் புதியதிலும் இருக்க வேண்டும்.

நம் பகுதியில் அடிக்கடி ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. தாங்கிக் கட்டையோடு வரும் யூசி 205 பேரிங்கின் துளை 25 மில்லிமீட்டர். யூசி 205-16 என்று இருந்தால் துளை ஓர் அங்குலம், அதாவது 25.4. வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் 25 மில்லிமீட்டர் அச்சில் அங்குல பேரிங்கைப் போட்டால் திருகை எவ்வளவு இறுக்கினாலும் ஆடிக்கொண்டே இருக்கும், சில வாரத்தில் அச்சையே தின்றுவிடும். துரு எண்ணை அழித்திருந்தால் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் வெர்னியரால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிராட்வே பக்கம் உள்ள பேரிங் கடைகளில் அந்த மூன்று அளவை வைத்தே எண்ணைச் சொல்லிவிடுவார்கள்.

பெல்ட்டில் இன்னும் எளிது. மேல் அகலம் 13 மில்லிமீட்டர் இருந்தால் ஏ, 17 இருந்தால் பி, 22 இருந்தால் சி. பி-54 என்றால் உள்சுற்று 54 அங்குலம். நைந்து நீண்ட பழைய பெல்ட்டின் வெளிப்புறத்தை டேப் வைத்து அளந்து அதே நீளத்தில் கேட்பதால்தான் பெரிய பெல்ட் வந்து சேர்கிறது. இரண்டு மூன்று பெல்ட் சேர்ந்து இழுக்கும் புல்லியில் அறுந்ததை மட்டும் மாற்றாதீர்கள். நீண்டுபோன பழையவற்றுக்கு நடுவே புதியது ஒன்றே முழுச் சுமையையும் தாங்கி முதலில் அறும். செட்டாக மாற்றுவது செலவு போலத் தெரியும். கணக்குப் பார்த்தால் அதுதான் சிக்கனம்.

ஆயில் சீலில் 35-52-7 என்று இருந்தால் அச்சு 35, வீடு 52, தடிமன் 7. கியர் பெட்டி எண்ணெய் பால் நிறத்தில் திரிந்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. எண்ணெயை மட்டும் மாற்றுவதில் பயனில்லை. சீல் உரசும் இடத்தில் அச்சில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். பள்ளம் இருந்தால் புது சீலும் ஒழுகும்.

போல்ட், நட்டு விஷயத்தில் வடசென்னைக்கு என்று ஒரு வரலாறு உண்டு. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-ல் பிரிட்டனின் லேலண்டோடு சேர்ந்து அசோக் லேலண்ட் ஆனது. அதன் ஆலை எண்ணூரில். அதே 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கூட்டாக என்ஃபீல்ட் இந்தியாவை உருவாக்கின. அதன் புல்லட் மோட்டார் சைக்கிள் திருவொற்றியூரில் தயாரிக்கப்பட்டது. மெட்ரிக் முறையைக் கொண்டுவந்த எடை, அளவைச் சட்டம் அதற்கு அடுத்த ஆண்டுதான் வந்தது. ஆகவே இந்தப் பகுதியின் பழைய இயந்திரங்களுக்குள் அங்குலம் இன்னும் வாழ்கிறது. விசைப்படகுகளில் ஓடும் அசோக் லேலண்டின் ஏஎல்எம் 400, 680 இன்ஜின்களின் பெயரில் உள்ள எண்ணே கன அங்குலக் கணக்குதான். 400 என்றால் சுமார் ஆறரை லிட்டர். அரை அங்குல போல்ட்டில் பிரிட்டிஷ் விட்வொர்த் மரை அங்குலத்துக்கு 12, அமெரிக்க முறையில் 13. ஒன்றில் மற்றொன்று இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். துரு என்று நினைத்து ஸ்பேனரை அழுத்தினால் மரை வெட்டுப்பட்டுப் போகும். மரை அளவி ஒன்றைப் பெட்டியில் வைத்திருப்பது நல்லது. போல்ட்டின் தலையில் 8.8, 10.9 என்று இருப்பது வலுவின் அளவு. துருப்பிடிக்காது என்பதற்காக 10.9 இருந்த இடத்தில் சாதாரண ஸ்டெயின்லெஸ் போல்ட்டைப் போடுவது ஆபத்து. அது அவ்வளவு இழுவையைத் தாங்காது.

எண்ணால் கண்டுபிடிக்க முடியாதவையும் உண்டு. கியர் பெட்டியின் கிளட்ச் தட்டு, வார்ப்புகள், கடல்நீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் ஆகியவை தயாரிப்பாளருக்கே உரியவை. இவற்றுக்குப் பெயர்ப்பலகையில் உள்ள மாடலும் வரிசை எண்ணும் வேண்டும். லாரி இன்ஜினும் படகு இன்ஜினும் ஒரே குடும்பம் என்பதால் பிஸ்டன், வால்வு போன்றவை ஒத்துப்போகலாம். தண்ணீர் பக்கத்துப் பாகங்களை அப்படி எடுத்துவிட முடியாது. புஷ், பின், நேரான அச்சு என்றால் நம் லேத் பட்டறைகளே அருமையாகக் கடைந்து தரும். பல்சக்கரத்தை மட்டும், சூட்டுப்பதம் ஏற்றித் தர முடியுமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். பதம் ஏற்றாத பல் சீக்கிரமே மழுங்கும்.

இதையெல்லாம் செய்ய நமக்கு ஒரு காலம் கிடைத்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் எப்படியும் பிரித்து மேயப்படுகின்றன. பெயின்ட்டுக்குக் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை ஒரு நாற்பது பக்க நோட்டுக்குக் காட்டினால் போதும். பிரிக்கும் ஒவ்வொரு பாகத்தின் எண், அது இருந்த இடம், மாற்றிய தேதி ஆகியவற்றை எழுதி, பெயர்ப்பலகையைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். மெக்கானிக் மாறினாலும் படகு கைமாறினாலும் அந்த நோட்டு படகோடு போக வேண்டும். தேய்ந்த பாகத்தைத் துடைத்து எண்ணைக் குறித்த பிறகே பழைய இரும்புக்குப் போடுங்கள்.

கருவி செய்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பொதுக் கடையில் கிடைக்கும் பேரிங்குக்கும் பெல்ட்டுக்கும் உங்கள் சொந்தப் பாக எண்ணை மட்டும் அச்சிட்டால், வாங்கியவர் ஒவ்வொரு முறையும் உங்களிடமே வந்து நிற்க வேண்டியிருக்கிறது. பக்கத்திலேயே பொது எண்ணையும் போடுங்கள். கையேட்டைத் தமிழிலும் கொடுங்கள். மீனவர் சங்கங்களும் மீன்வளத் துறையும் சேர்ந்து, அதிகம் ஓடும் இன்ஜின், வின்ச் வகைகளுக்கான பாக எண்களை ஒரு பலகையில் எழுதிக் காசிமேடு துறைமுக வாசலில் வைக்கலாம். அதற்கு ஆகும் செலவு ஒரு படகின் ஒரு நாள் டீசல் காசைத் தாண்டாது.