தோசை மாவும் பிரேக் ஆயிலும்

கார் சொந்தக்காரர்களில் இரண்டு ரகம். ஒருத்தர் காரை ஓட்டுவார். இன்னொருத்தர் காரை வைத்திருப்பார்.

இரண்டாவது ரகத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். வண்டிக்கு உறை போட்டிருக்கும். உறை மேல் வேப்பஞ்சருகு. சருகு மேல் ஒரு பூனை. ஸீட்டில் ஷோரூம்காரன் போட்ட பாலிதீன் கவர், பாதி கிழிந்து பாதி கிழியாமல். வெள்ளிக்கிழமை கோயில், மாசம் ஒரு தடவை டாக்டர், அமெரிக்காவிலிருந்து பிள்ளை வந்தால் ஏர்போர்ட். முடிந்தது. வாங்கி ஆறு வருஷம் ஆகியிருக்கும், ஓடினது 9,000 கிலோமீட்டர். பேத்தி ஸ்டேட் ராங்க் வாங்கின செய்தி மாதிரி அதை நம்மிடம் சொல்வார்.

இவருக்கு வருஷம் தவறாமல் ஒரு போன் வரும்.

"சார், உங்க வண்டி சர்வீஸ் டியூ ஆயிருக்கு. புக் பண்ணிடலாமா சார்?"

"என்னம்மா டியூ? போன சர்வீஸுக்கப்புறம் 1,400 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. 10,000 ஆகணும்னா இன்னும் ஆறு வருஷம் இருக்கே!"

"இல்ல சார், டைம் ஆயிடுச்சு."

"டைம் எல்லாருக்கும்தான் ஆறது. நிக்கற வண்டிக்கு என்னம்மா சர்வீஸ்?"

போனை வைத்துவிட்டு மனைவியிடம், "பகல் கொள்ளை" என்று இரண்டு வார்த்தை. அத்தோடு அந்த வருஷத்து சர்வீஸ் இனிதே நிறைவுற்றது.

அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. உடுத்தாத வேஷ்டியை யார் வெளுக்கப் போடுகிறார்கள்? ஆனால் வண்டியோடு கொடுத்த புத்தகம் ஒன்று இருக்கிறது. டாஷ்போர்டு பெட்டிக்குள், பழைய பார்க்கிங் சீட்டுகளுக்கும் விபூதிப் பொட்டலத்துக்கும் அடியில் கிடக்கும். எடுத்துப் பாருங்கள். இப்போது வரும் பல கார்களுக்கு, "10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், எது முந்தியோ அது" என்று போட்டிருப்பார்கள். நாம் முன் பாதியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறோம். விஷயமே அந்த வாலில் இருக்கிறது.

சமையலறைக்குள் போனால் இது சட்டென்று புரியும். அங்கே ஆட்டுக்கல்லும் இருக்கிறது, தோசை மாவும் இருக்கிறது. ஆட்டுக்கல் ஆட்ட ஆட்டத் தேயும். ஆட்டாமல் வைத்தால் பேரன் காலத்துக்கும் கிடக்கும். தோசை மாவு அப்படியா? "நான் தொடவே இல்லையே" என்றால் அது புளிக்காமல் இருக்குமா? காருக்குள்ளும் இந்த இரண்டு ஜாதிச் சாமான்களும் உண்டு. பிரேக் பேட், கிளட்ச், ஸ்பார்க் ப்ளக் எல்லாம் ஆட்டுக்கல் வகை. அவற்றுக்குக் கிலோமீட்டர் கணக்கு. இன்ஜின் ஆயில், பிரேக் ஆயில், கூலண்ட், பாட்டரி, டயர் எல்லாம் மாவு வகை. அவற்றுக்குக் காலண்டர் கணக்கு.

மாவு வகையில் முதலில் கவனிக்க வேண்டியது பிரேக் ஆயில். காற்றிலுள்ள ஈரத்தை மெள்ள மெள்ள உறிஞ்சிக்கொள்வது அதன் பிறவிக் குணம். வண்டி ஓடினாலும் உறிஞ்சும், நின்றாலும் உறிஞ்சும். புது 'டாட் 3' ரக ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்ஷியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால், 140 டிகிரி தாங்கினாலே போதும் என்று அதே விதி இறங்கி வருகிறது. 'டாட் 4' ரகத்துக்கு இந்தக் கணக்கு 230, 155.

உள்ளூரில் கோயிலுக்கும் டாக்டருக்கும் போகிறவரை இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. மே மாசம் பேரன் பேத்திகளை ஏற்றிக்கொண்டு ஏற்காடு போவார் பாருங்கள், அங்கேதான் தெரியும். இருபது கொண்டை ஊசி வளைவு. (கொல்லிமலை என்றால் எழுபது.) இறங்கும்போது கியரைக் குறைக்காமல் வழி நெடுகப் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வந்தால், சக்கரத்துப் பக்கம் சூடு ஏறுகிறது. ஆயிலில் ஊறியிருக்கும் தண்ணீர் கொதித்து ஆவிக் குமிழாகிறது. திரவத்தை மிதித்தால் அமுங்காது, அதனால்தான் பிரேக் பிடிக்கிறது. ஆவி அமுங்கும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. பெரும்பாலான கம்பெனிகள் பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். செலவு, அந்த ஏற்காடு பயணத்தில் ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுக்கு ஆகிற அளவுதான்.

அடுத்தது இன்ஜின் ஆயில். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நம்ப முடியவில்லையா? காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்ஸர் நுனியில் சொட்டுவதைப் பாருங்கள். பெரும்பகுதி அந்த வழியாகப் போய்விடும். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் சந்தில் நழுவி ஆயிலில் சேரும், கூடவே எரியாத பெட்ரோலும் துளித் துளியாக. நீண்ட தூரம் ஓடி இன்ஜின் நன்றாகச் சூடானால் இவை ஆவியாகிப் போய்விடும். கோயிலோ ஒன்றரை கிலோமீட்டர். இன்ஜின் சூடாவதற்குள் கோபுரம் தெரிந்துவிடுகிறது. ஆயிலில் சேர்ந்தது அங்கேயே தங்கிவிடுகிறது.

இதில் ஒரு வேடிக்கை. கம்பெனிப் புத்தகங்களில் 'கடுமையான உபயோகம்' என்று ஒரு தனிப் பட்டியல் உண்டு. தூசி ரோடு, கரடுமுரடுப் பாதை எல்லாம் அதில் வரும். அதே பட்டியலில், 'அடிக்கடி குறைந்த தூரம் மட்டும் ஓட்டுவது' என்றும் இருக்கும். பாவம், வண்டியைப் பூப்போல வைத்திருப்பதாக மனுஷர் நினைத்துக்கொண்டிருக்கிறார். புத்தகம் அவரை வண்டியைப் படாத பாடு படுத்துகிறவர்கள் வரிசையில் உட்கார வைத்திருக்கிறது!

"நான்தான் தினம் காலையில அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வெக்கறேனே?" என்பார்கள் சிலர். அது இன்னும் மோசம். ஸ்டார்ட் செய்ய பாட்டரி கொடுத்ததே முழுசாகத் திரும்பி வராது, இன்ஜினும் சூடாகாது. வாரத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரம் வெளியே ஓட்டிவிட்டு வருவது எவ்வளவோ தேவலை. வீட்டு அம்மாளையும் கூட்டிக்கொண்டு போனால் இரண்டு பாட்டரி சார்ஜ் ஆகும்.

பாட்டரிக்கும் ஒரு சின்னக் கணக்கு போடலாம். வண்டி பூட்டியிருக்கும்போதும் கடிகாரம், அலாரம், உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் இழுத்துக்கொண்டுதான் இருக்கும். 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி. முப்பது நாளில் 21.6. சின்னக் காரின் பாட்டரி மொத்தமே 35 ஆம்பியர்-மணி என்றால், மாசம் முடிவதற்குள் பாதிக்கு மேல் காலி. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? வாரக்கணக்கில் நின்ற வண்டிகள் வெளியே கிளம்பலாம் என்ற அன்றைக்குத் தெருத் தெருவாக 'செல்ஃப் எடுக்கலை' என்று முரண்டு பிடித்தன. அந்த வருஷம் பல கம்பெனிகள் வாரண்டி, இலவச சர்வீஸ் கெடுவையெல்லாம் தாமாகவே நீட்டித்துக் கொடுத்தன. ஊரே நின்றாலும் காலண்டர் நிற்பதில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

டயருக்குப் பிறந்த தேதியே எழுதியிருக்கிறது. பக்கவாட்டில் 'டாட்' என்று ஆரம்பிக்கும் எழுத்து வரிசையின் கடைசியில் நாலு எண். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம். பட்டன் தேயாமல் பளபளவென்று இருந்தாலும் ரப்பர் வெயிலில் இறுகி வெடிப்பு விடும். ஐந்து வருஷம் ஆனபின் வருஷா வருஷம் தெரிந்தவரிடம் காட்டுங்கள், பத்து வருஷத்துக்கு மேல் வேண்டவே வேண்டாம் என்பது பல டயர் கம்பெனிகளின் யோசனை. டிக்கிக்குள் படுத்திருக்கும் ஸ்டெப்னிக்கும் இதே ஜாதகம்தான்.

"எதுக்கு இந்த வண்டியை வெச்சிண்டிருக்கீங்க, வித்துடலாமே?" என்று இவரிடம் கேட்டுப் பாருங்கள். "ராத்திரி வேளையில ஒரு ஆபத்துன்னா?" என்பார். ரொம்ப நியாயமான பதில். நெஞ்சு வலி மாதிரி என்றால் 108-க்குப் போன் செய்வதுதான் முறை. ஆனால் பேரனுக்கு நடுராத்திரி ஜுரம், மனைவிக்கு பாத்ரூமில் வழுக்கிக் கால் பிசகல் என்று எத்தனையோ இருக்கின்றன. ஆக, இது ஆபத்துக்கென்று நிற்கிற வண்டி. தினம் ஓடுகிற வண்டி ஒரு நாள் மக்கர் செய்தால் ஆட்டோவில் ஆபீஸ் போய்விடலாம். வருஷத்தில் ஒரே ஒரு ராத்திரிக்காகக் காத்திருக்கும் வண்டி அந்த ராத்திரியில் 'டிக் டிக் டிக்' என்றால்? நிற்கிற வண்டிக்குத்தான் சர்வீஸ் அதிகம் தேவை என்று சொல்ல இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

சரி, சர்வீஸ் என்று விட்டதும் அவர்கள் நீட்டுகிற பட்டியலைப் பார்த்தால் மயக்கம் வருகிறதே என்கிறீர்கள். அதற்குத்தான் ஆட்டுக்கல்-மாவு சூத்திரம்.

"ஸ்பார்க் ப்ளக் மாத்திடலாம் சார்."

"எத்தனை கிலோமீட்டருக்கு மாத்தணும்னு புஸ்தகத்துல போட்டிருக்கு? அதுக்கு வருஷக் கணக்கு ஏதும் இருக்கா?"

இந்த ஒரு கேள்வி கேட்டால் எதிராளி கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். பிரேக் பேடைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், தேயாவிட்டால் அதுவே இருக்கட்டும். பாடிக்குப் பூச்சு, இன்ஜினுக்கு ஸ்பெஷல் குளியல் வகையறாக்கள் புத்தகத்தில் இல்லாவிட்டால், "அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று கும்பிடு போட்டுவிடலாம். ஆயில், பில்டர், பிரேக் ஆயில், கூலண்ட் இவற்றில் மட்டும் தேதி வந்துவிட்டால் பேரம் வேண்டாம். டைமிங் பெல்ட் உள்ள வண்டியா? அதற்கும் வருஷக் கணக்கு உண்டு, கேட்டு வையுங்கள். எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்று பானெட்டுக்குள் ஒரு பார்வை. நிற்கிற வண்டி எலிக்கு வாடகையில்லாத வீடு. இன்னொன்று, வாரண்டிக் காலத்தில் தேதி சர்வீஸைத் தவறவிட்டால், பின்னால் ஏதாவது ரிப்பேர் வரும்போது கம்பெனி கையை விரிக்க அதுவே ஒரு சாக்காகிவிடும்.

இதையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்வது எப்படி? அம்பாஸடர் காலத்தில் ஞாபகப்படுத்த ஆள் வேண்டாம், வண்டியே படுத்தும். தினம் காலையில் பானெட்டைத் திறந்து தண்ணீர் ஊற்றி, ஆயில் குச்சியை உருவிப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. இப்போதைய கார் சமர்த்து. ஒன்றும் கேட்காது. டாஷ்போர்டில் ஸ்பேனர் படம் காட்டுகிற வண்டிகள் இருக்கின்றன. ஆனால் சர்வீஸ் முடிந்ததும் அந்தக் கணக்கை அழித்துப் புதிதாக ஆரம்பித்தார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். செல்போனில் அலாரம் வைக்கலாம். (பேரன் கேம் ஆடும்போது அது அடிக்கும். அவன் அணைத்துவிடுவான்.) எல்லாவற்றையும்விட நம்பகமானது, சமையலறைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டர். காஸ் சிலிண்டர் மாற்றின தேதியை எழுதுகிறார்களே, அதன் பக்கத்திலேயே 'கார் ஆயில்' என்று எழுதச் சொல்லுங்கள். இன்ஷூரன்ஸ் தேதியோடு சர்வீஸையும் சேர்த்து முடிச்சுப் போடுவதும் நல்ல யோசனை. ஏஜெண்ட் நம்மை மறக்கவே மாட்டார்.

கல்யாண நாளோடு சேர்க்கலாமே என்றால், அதையே மறந்து வாங்கிக் கட்டிக்கொள்பவர்கள் நம்மில் உண்டு. மறக்கவே முடியாத நாள் ஒன்று இருக்கிறது: ஆயுத பூஜை. அன்று யாரும் காரை விட்டுவைப்பதில்லை. சந்தனம், குங்குமம், மாலை, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். பண்டிகை சமயத்தில் ஒர்க்ஷாப்பில் கூட்டம் மொய்க்கும். அதனால் இரண்டு வாரம் முன்னாலேயே விட்டு எடுத்துவிடலாம். வடகிழக்குப் பருவமழை ஆரம்பிக்கும் சமயமும் ஏறக்குறைய அதுதான். வைப்பர், டயர், பிரேக் மூன்றையும் மழைக்கு முன்னால் பார்த்த மாதிரியும் ஆச்சு.

வருஷத்தில் ஒரு நாள் வண்டி முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறோம். அதற்கு முன்னால் ஒரு நாள் கண்ணைத் திறந்துகொண்டு பானெட்டையும் திறந்து பார்த்துவிட்டால், பாவம், அந்த நாலு எலுமிச்சம்பழத்துக்குக் கொஞ்சம் பாரம் குறையும்.