இன்னும் எத்தனை நாள் பொறுப்பது?

கார் வாங்கலாமா என்று வாய் திறந்தால் போதும், என் மகன் உட்பட ஆளாளுக்கு "கொஞ்சம் பொறுங்க" என்கிறார்கள். 2025 ஆகஸ்ட் 15 அன்று, தீபாவளிக்குள் ஜிஎஸ்டி குறையும் என்று பிரதமர் சொன்னபோது பொறுத்தேன். அதில் அர்த்தம் இருந்தது. செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு 28 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் போய், வெறும் 18 ஆனது. இப்போது எதற்குப் பொறுக்க வேண்டும்? டிசம்பர் தள்ளுபடிக்காம், மின்சாரக் கார் விலை இறங்குவதற்காம்! முப்பது வயதுக்காரன் காத்திருக்கட்டும். 55 தாண்டினால் லைசென்ஸே ஐந்தைந்து வருடமாகத்தான் தருகிறார்கள். முழங்கால் வலியோடு என் மனைவி பிள்ளையார்குப்பத்திலிருந்து கோரிமேடு ஜிப்மருக்கு இரண்டு பஸ் ஏறி இறங்குகிறாள். அவளிடம் போய்த் தள்ளுபடிக் கணக்கு சொல்லச் சொல்லுங்கள். திங்கட்கிழமை அட்வான்ஸ் கட்டுகிறேன். மகனிடம் இன்னும் சொல்லவில்லை.